கேரம் போர்டு போல ஒரு கொல்லை

அக்கா எங்களோடு வந்து தங்குவதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். எங்கள் கிள்ளான் வீட்டின் பின்வாசலில் இருந்து பின்கேட்டு வரைக்கும், யாரும் கையைப் பிடிக்காமல், யாரும் தள்ளாமல், வாக்கரை ஊன்றிக்கொண்டு தானே நடந்து போக வேண்டும். கேட்டைத் தாண்டினால் ஒரு சந்து. சந்து முனையில் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில். தினமும் சாயங்காலம் அங்கே தனியாகப் போய்வர முடியும் என்றால் வருவார். முடியாதென்றால் ரவாங் பக்கம் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவார். அந்த இல்லத்தின் விண்ணப்பப் பாரத்தை ஏற்கெனவே வாங்கி, பூர்த்தி செய்து, கைப்பையில் வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

எங்கள் அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இது மிரட்டல் இல்லை என்பது தெரியும். அவர் சொன்னால் செய்வார்.

என்னைவிட எட்டு வயது மூத்தவர். முப்பது வருஷத்துக்கும் மேல் சுகாதார இலாகாவில் தாதியாக இருந்தவர். ஒரு சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, கர்ப்பிணிகளைப் பார்த்து, வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுத்து, வராதவர்களை வீடு தேடிப் போய்த் திட்டிவிட்டு வருவார். மழைக் காலத்தில் செம்மண் பாதையில் ஆம்பிளைகளின் ஜீப்பே சிக்கிக்கொண்டு நிற்கும்போது இவர் கார் மட்டும் எப்படியோ வெளியே வந்துவிடும் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் நேரமில்லை என்பார்.

என் மனைவியை எனக்குப் பார்த்ததே அக்காதான். எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவர். அந்தப் பெருமையை இன்னும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற சொந்தக்காரர்கள் எங்களுக்கு நிறைய உண்டு. காப்பார் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டுகிறவரின் மகளா என்று அவர்கள் முகத்தைச் சுளித்தபோது, அக்கா கூடத்தின் நடுவில் நின்று, "நான் அவங்க வீட்டுல டீ குடிச்சிருக்கேன். பொண்ணு நல்ல பொண்ணு. வேற என்ன வேணும்?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. முப்பத்தைந்து வருஷமாக என் மனைவி அவரை அண்ணி என்று கூப்பிடுவதில் ஒரு தனி வாஞ்சை இருக்கும். என்னைக் கூப்பிடும்போது அது இருக்காது.

போன வருஷம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பித்தது. வலது பக்கம் தப்பித்தது. இடது காலும் இடது கையும் மந்தமாகிவிட்டன. கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, கட்டிலில் உட்கார்ந்தபடியே சாவி வளையத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, கார் சாவியை வலது கையால் மெதுவாகக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் உதவப் போனேன், முறைத்தார். "வித்துடு" என்றார். வளையத்தில் அவர் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாவி மட்டும் ஒற்றையாகத் தொங்கியது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் நான் அழுதேன். பக்கவாதத்துக்கு அழாதவன் அந்தச் சாவிக்கு அழுதேன்.

பிரிக்பீல்ட்ஸ் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். கீழே இறங்க வேண்டுமென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். ஒரு தடவை தூக்கவிட்டார். அதற்கப்புறம், தான் என்ன அரிசி மூட்டையா என்று கேட்டு மறுத்துவிட்டார். அப்போதுதான் ரவாங் பாரம் கைப்பைக்குள் வந்தது.

எங்கள் கொல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூலை வீடு, அதனால் பின்னால் நாற்பதடி அகலம், தொண்ணூறு அடி நீளத்துக்கு நிலம். வாங்கிய நாளிலிருந்து அதை நான் எட்டிப் பார்த்ததோடு சரி. நெஞ்சு உயரத்துக்கு லாலாங் புல். அதற்குள்ளே பழைய வீட்டுக்காரர் தென்னை மரங்களைப் பிடுங்கிய குழிகள். குழிகளுக்கு நடுவே அவர் போட்ட சிமெண்டு நடைபாதை அப்பளம் மாதிரி உடைந்து, ஒரு துண்டு மேலேயும் ஒரு துண்டு கீழேயுமாகக் கிடந்தது. புதுசாகச் சிமெண்டு போட்டுவிடலாம் என்று கட்டட வேலைக் குத்தகையாளர் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் காலால் தரையை இரண்டு மிதி மிதித்துப் பார்த்தார். இது சேற்று மண், இப்போது சிமெண்டு போட்டால் அடுத்த வருஷமே இறங்கிவிடும், முதலில் நிலத்தை நிரவி, அழுத்தி, நன்றாக உட்காரவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். முன்வாசல் வழியாகக் கோயிலுக்குப் போகலாமென்றால், துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் எல்லாம் அந்த ரோட்டில்தான் போகின்றன. ஆக, கொல்லையை விட்டால் வழியில்லை.

அக்காவிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "கேரம் போர்டு மாதிரி இருக்கணும் தம்பி. ஒரு இடத்துல தட்டினாலும் நான் விழுந்துருவேன்."

சின்ன வயதில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவரும் கேரம் ஆடித்தான் வளர்ந்தோம். அம்மா சீக்கிரமே போய்விட்டார். சட்டைக்குப் பொத்தான் தைப்பதிலிருந்து காதைத் திருகுவதுவரை எல்லாம் அக்காதான். அவர் ஒன்று சொன்னால் அதை எழுத்துப் பிசகாமல் செய்வது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. அறுபத்து மூன்று வயதிலும் அது போகவில்லை. இந்த விஷயம் பின்னால் வரும்.

மண்வெட்டியோடு இறங்கலாம் என்று நான் சட்டையைக் கழற்றியதும், இந்த முதுகு அதைத் தாங்குமா என்று என் மனைவி கேட்டாள். அந்த முதுகைப் போன தீபாவளிக்குத் திரைச்சீலை மாட்டும்போதே பார்த்தாயிற்று என்றும் சொன்னாள். அதனால் மேரு ரோட்டில் பழைய இயந்திரங்கள் விற்கும் கடைக்குப் போய், ஒரு சின்னத் தோட்டத்து டிராக்டர் வாங்கினேன். காரில் பாதி அளவு, வெளுத்துப்போன ஆரஞ்சு நிறம், ஒரே ஒரு இருக்கை. கடைக்காரர் என்னை வார்த்தைக்கு வார்த்தை 'பாஸ்' போட்டு, அதன் பின்னால் மாட்டும் சாமான்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். மண்ணைக் கிளறும் டில்லர் ஒன்று. மேட்டைச் சீவிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டுகிற, பெட்டி மாதிரியான இரும்புத் தகடு ஒன்று. உள்ளே தண்ணீர் நிரப்பி உருட்டுகிற ரோலர் ஒன்று. கடைசியாகத் தரையைத் தடவிவிடுவதற்கு ஒரு சங்கிலி வலை. ஓட்டுவது சுலபம், கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, வலது காலால் மிதித்தால் போகும், காலை எடுத்தால் நிற்கும் என்று அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். எனக்கு அப்போது அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை.

லோரியில் வந்து இறங்கியதும் என் மனைவி மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டாள். நாலு சக்கரத்துக்கு நாலு பழம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பின்னால் மாட்டும் சாமான்களுக்கு எத்தனை என்பதில்தான் தகராறு. ரோலர் முழுக்கச் சக்கரம்தானே, அதற்கு ஒன்று என்றாள். சங்கிலி வலைக்குச் சக்கரமே இல்லை, அதை விட்டுவிடலாம் என்றேன். விட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்று அதற்கும் ஒன்று வைத்தாள். லோரி டிரைவர் இறங்கி வந்து சிரிக்காமல் நின்று பார்த்தார். அவர் லோரிக்கும் பழம் வைத்துத்தான் ஓட்டுகிறாராம்.

முதல் நாளே உற்சாகமாக டில்லரை மாட்டிக்கொண்டு லாலாங்குக்குள் இறங்கினேன். என் மனைவி ஓடி வந்து டிராக்டருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். லாலாங்கின் வேரை வெட்டக்கூடாது, வெட்டின ஒவ்வொரு துண்டும் ஒரு புல்லாக முளைக்கும், எஸ்டேட்டில் நண்டு சிண்டுக்குக்கூட இது தெரியும் என்று கத்தினாள். இந்த ஒரு விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் இறங்கிவிட்டேன். இரண்டு வாரம் நாங்கள் இருவரும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், குனிந்து குனிந்து அந்த வெள்ளை வேர்களை முழுசு முழுசாகப் பிடுங்கினோம். நுனி ஊசி மாதிரி இருக்கும், விரலில் ஏறிவிடும். என் மனைவி நாலு கதை சொல்லிக்கொண்டு என்னைவிட இரண்டு மடங்கு பிடுங்கினாள். உண்மையைச் சொன்னால், அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அந்த இரண்டு வாரம் மிகவும் பிடித்திருந்தது.

அதற்கப்புறம்தான் டிராக்டர் வேலை. கிளறினேன். சீவினேன். முதல் தடவை தகட்டை அதிகமாக இறக்கிவிட்டேன் போலிருக்கிறது, நிலம் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக ஆனது. மறுபடி கிளறி, மறுபடி சீவினேன். குழிகளில் மண் கொட்டி ரோலரை உருட்டினேன், மறுநாள் பார்த்தால் இறங்கியிருக்கும், மறுபடி கொட்டினேன். நான் வேலை பார்த்தது அரசாங்க அலுவலகத்தில், கட்டுமானப் படம் வரைகிறவனாக. எனக்குக் கோடு நேராக இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஐந்தடிக்கு ஒரு முளை அடித்து, நூல் கட்டி மட்டம் பார்த்தேன். மேலே சங்கிலி வலையை இழுத்து இழுத்து மண்ணை மாவு மாதிரி ஆக்கினேன்.

ஒருநாள் என் மனைவி காப்பியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, மழை பெய்தால் தண்ணி எங்கே போகும் என்று கேட்டாள். நான் முப்பது வருஷம் கால்வாய்ப் படம் வரைந்தவன், எனக்கா சொல்கிறாய் என்று சிரித்தேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த மாதங்களில் புகைமூட்டமும் வெயிலுமாக இருந்தது. பேருக்குக்கூட ஒரு நல்ல மழை இல்லை.

ஐந்து வாரத்தில் முடித்தேன். முடித்த அன்றைக்குப் பழைய கேரம் போர்டைப் பரணிலிருந்து இறக்கி, கொல்லையில் ஐந்து இடத்தில் வைத்து, நடுவில் ஒரு கோலிக்குண்டை விட்டுப் பார்த்தேன். ஐந்து இடத்திலும் அசையவில்லை. அதைப் படமெடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்' என்று பதில் வந்தது. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து என் மனைவிக்கு ஒரே சிரிப்பு.

சனிக்கிழமை அக்காவைப் போய் அழைத்து வந்தேன். மாடியிலிருந்து இறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். காரில் ஏறிய பிறகுதான் திறந்தார். மத்தியானம் என் மனைவி நண்டுக் கறி வைத்திருந்தாள். சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. கைப்பை அவர் மடியிலேயே இருந்தது.

மூன்று மணிக்கு வானம் இருட்டியது. பிறகு கொட்டியது பாருங்கள், ஐந்து வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததை ஒரே மணி நேரத்தில் கொட்டின மாதிரி. நான் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கொல்லை முழுக்கத் தண்ணீர் நின்றது. ஒரு மூலையில் அதிகம் ஒரு மூலையில் கம்மி என்றில்லை. தொண்ணூறு அடிக்கும் ஒரே மட்டமாக, அசையாமல், அழகாக நின்றது. ஒரு சொட்டுகூடக் கேட்டருகே இருக்கும் கால்வாய்ப் பக்கம் நகரவில்லை. நகர என்ன காரணம் இருக்கிறது? சமையலறைப் படி வரைக்கும் வந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு தவளை வேறு வந்து கத்தத் தொடங்கியது.

முப்பது வருஷம். ஒரு கால்வாயையாவது, ஒரு முற்றத்தையாவது சரிவு இல்லாமல் நான் வரைந்ததில்லை. பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அக்கா கேரம் போர்டு என்று சொல்லிவிட்டார். நான் கேரம் போர்டு செய்து வைத்திருந்தேன்.

வாக்கர் தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா வந்து என் பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு நீ யோசிக்கலையா?"

"நீங்கதானே கேரம் போர்டு மாதிரின்னு சொன்னீங்க" என்றேன். குரல் எட்டு வயதுப் பையன் குரலாக வந்தது, வெட்கமாக இருந்தது.

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, பாரத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார். பேனா இருக்கிறதா என்று கேட்டார். என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். பேனா இல்லை என்றாள். டெலிபோன் பக்கத்தில் மூன்று பேனா இருந்தது. அவை எழுதாது என்றாள். ரோட்டில் வெள்ளம், இன்றைக்கு யாரும் எங்கேயும் போக முடியாது, அண்ணிக்குக் கட்டிலில் விரிப்புப் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பொய்க்காக அவளை நான் கட்டிப் பிடித்திருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை.

மறுநாள் நல்ல வெயில். தண்ணீர் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கி, கொல்லை சேறாகக் கிடந்தது. அக்கா பின்வாசலில் நாற்காலி போடச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்துகொண்டார். சேற்றில் டிராக்டரை இறக்கக் கிளம்பியவனை, ஈர மண்ணைக் கெடுக்காதே, மூன்று நாள் காயட்டும் என்று தடுத்தார். அப்படியானால் புதன்கிழமை வரை இருங்கள் என்று என் மனைவி உடனே பிடித்துக்கொண்டாள். அக்கா இருந்தார்.

புதன்கிழமை காலையில் தகட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வாசல் பக்கம் மேடு, கேட்டுப் பக்கம் தாழ்வு, நடுவில் ஒரே சரிவு. தாளில் நிமிஷத்தில் வரைந்துவிடுவேன். மண்ணில் வரவில்லை. அக்கா நாற்காலியிலிருந்து, தகட்டைத் தூக்கு என்றார், இறக்கு என்றார், அவசரப்படாதே என்றார், அந்த ஓரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது போகாதே என்றார். நான் போனேன். பின்சக்கரம் சுழன்று இறங்கிவிட்டது. நான் மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது.

"இறங்கு" என்றார் அக்கா.

நான் இறங்கினேன். அவர் எழுந்து வாக்கரோடு வந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. வலது காலால் மிதித்தால் போகும். காலை எடுத்தால் நிற்கும். தகட்டைத் தூக்கும் கைப்பிடியும் வலது பக்கம். காரைத்தானே ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார், டிராக்டரை இல்லையே என்றும் அக்கா சொல்லிவிட்டார்.

நான் தூக்கி உட்கார வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். என் மனைவி படியாக ஒரு மரப்பெட்டியைக் கொண்டு வந்து டிராக்டர் பக்கத்தில் போட்டுவிட்டு, விலகி நின்றாள். அக்கா பெட்டியில் ஏறினார். இடது காலை வலது கையால் தூக்கி உள்ளே வைத்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றோம்.

என்னைப் போல ஒரேயடியாக மிதிக்கவில்லை. முதலில் கொஞ்சம் பின்னால் விட்டார், பிறகு முன்னால், மறுபடி பின்னால், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. மூன்றாவது ஆட்டத்தில் சக்கரம் குழியை விட்டு ஏறிவிட்டது. செம்மண் பாதையில் அந்தச் சின்னக் கார் எப்படி வெளியே வந்தது என்பதை இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் கண்ணால் பார்த்தேன்.

அதற்கப்புறம் எங்களுக்கு அங்கே வேலை இல்லை. மனிதர் நடக்கும் வேகத்தில்தான் போனார், அதுவும் மெதுவாக நடக்கிறவர் வேகத்தில். நான் முளையும் நூலும் பிடித்தேன், அவர் சீவினார். "இன்னும் ஒரு விரல் எடுக்கணுமா?" என்று கேட்பார். நான் ஆமாம் என்பேன். எடுப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை, என் மனைவி தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாலு மணிக்கு நான் ஒரு வாளித் தண்ணீரைப் பின்வாசலில் கொட்டினேன். அது கொஞ்சம் யோசித்து, பிறகு கேட்டைப் பார்த்து நடையைக் கட்டியது. மூன்று பேரும் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் குளித்து, புடவை மாற்றி, விபூதி பூசி வந்தார். புதிதாகச் சீவிய மண்ணில் வாக்கர் புதையும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், வாக்கரை மடித்து டிராக்டரின் முன்னால் கயிற்றால் கட்டச் சொன்னார். பின்னால் சங்கிலி வலையை மாட்டச் சொன்னார். சும்மா போவானேன், போகும்போது தரையையும் தடவிக்கொண்டு போகலாமே என்றார். கேட்டருகே நிறுத்தி, என் மனைவி முன்கூட்டியே அங்கே கொண்டு போட்டிருந்த மரப்பெட்டியில் கால் வைத்துத் தானே இறங்கி, வாக்கரை அவிழ்த்து விரித்துக்கொண்டு சந்தில் போனார். நானும் என் மனைவியும் வேலியோரத்து வாழை மரத்துக்குப் பின்னால் திருடர்கள் மாதிரி நின்று எட்டிப் பார்த்தோம். எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு முந்தானை இல்லாததால் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தார். டிராக்டரைப் பின்வாசலில் நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ரவாங் பாரம் சனிக்கிழமையிலிருந்து மேசையில்தான் கிடந்தது. அதன்மேல் காப்பி டம்ளரை வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்து, மடியில் வைத்து, வலது கையால் மெதுவாக, நான் உதவிக்குப் போகாத அளவுக்கு மெதுவாக, டிராக்டர் சாவியை அதில் கோத்தார்.

"ஒவ்வொரு மழைக்கும் இந்த மண்ணு கலையும் தம்பி. திரும்பத் திரும்ப இழுத்துக்கிட்டே இருக்கணும். உனக்கு அது வராது."

சரி அக்கா என்றேன்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.